ஆச்சிக்கு எந்த விலை?

கோவில்பட்டிக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது பின்சீட்டிலிருந்து மகள் கேட்டாள்: “அப்பா, ஆச்சி கேட்டா எந்த விலை சொல்லணும்?”

அவளுக்குப் பதினோரு வயது. கிண்டலுக்குக் கேட்கவில்லை, பரீட்சைக்கு முன்னால் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது மாதிரி கேட்டாள். அந்த ஒரு மாதமாக நான் போனில் புதுக் காருக்கு ஆளுக்கொரு விலை சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்க அவளுக்கு அது ஒன்றுதான் வழி.

என் கணக்கு இது. அம்மாவிடம் 18 லட்சம். அக்கா வீட்டுக்காரரிடம், அதாவது அத்தானிடம், 25 லட்சம். அவர் கார் விலை தெரிந்தவர், 18 என்றால் நம்ப மாட்டார். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணனிடம் விலையே சொல்லவில்லை, “எல்லாம் லோன்தாண்ணே” என்று மட்டும். ஆபீசில் மட்டும் உண்மை: எல்லாம் சேர்த்து 32 லட்சத்துச் சொச்சம். அங்கே குறைத்துச் சொன்னால்தான் மரியாதைக் குறைவு.

வண்டி மகிந்திரா எக்ஸ்இவி 9இ, 79 யூனிட் பேட்டரி உள்ள உயர்ந்த ரகம். ஷோரூம் விலை மட்டும் 30.5 லட்சம். 2025 ஜூனில் எடுத்தேன். முடிவெடுக்க எட்டு மாதம் ஆயிற்று. அதில் வண்டியை ஆராய்ந்தது இரண்டு வாரம் இருக்கும். மீதி நாளெல்லாம் ஊர் என்ன சொல்லும் என்ற ஆராய்ச்சிதான்.

கணக்குப் பார்த்தால் குழப்பமே இல்லை. அப்போது பெரிய எஸ்யூவி ஒன்றை டீசலிலோ பெட்ரோலிலோ எடுத்தால் ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதம் (2025 செப்டம்பரில்தான் அது 40 ஆனது). மின்காருக்கு 5. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம்; மின்காருக்கு அதுவும் கிடையாது. 30 லட்ச ரூபாய் பெட்ரோல் கார் என்றால் சாலை வரியே 6 லட்சம். அந்த 6 லட்சத்தில் ஒரு சின்னக் கார் வாங்கிவிடலாம். இதையெல்லாம் ஒரு எக்செல் தாளில் போட்டு வைத்திருந்தேன், யாராவது கேட்டால் காட்டலாமென்று. இன்றுவரை யாரும் கேட்கவில்லை. கேட்பவர்களுக்கு வேண்டியது ஒற்றை எண்.

விலை உயர்ந்த கார் வாங்கினால் நம் ஊரில் ஒரு வசவு உண்டு. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான். அந்தக் கார் மின்காராகவும் இருந்துவிட்டால் வசவு இரண்டாகிவிடுகிறது. குடை பிடிக்கிறான், அதுவும் ஓட்டைக் குடை. பணத்திமிர் என்பார்கள், அதே வாயால் ஏமாளி என்பார்கள். நாலு வருஷத்தில் பேட்டரி போய்விடும், விற்றால் எவனும் வாங்க மாட்டான், நடுவழியில் நிற்கும், தீப்பிடிக்கும். திமிர் பிடித்தவன் என்ற பெயரையாவது தாங்கிக்கொள்ளலாம், அதில் கொஞ்சம் பொறாமை கலந்திருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ள இடம் உண்டு. 32 லட்சம் கொடுத்து ஏமாந்தவன் என்ற பெயருக்கு எந்தத் தேறுதலும் இல்லை.

தீப்பிடிக்கும் என்ற பயத்தை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் கிடந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில், என் பார்க்கிங்கில் சார்ஜர் மாட்ட அனுமதி கேட்ட அன்று சாயங்காலமே எரிகிற ஸ்கூட்டர் வீடியோக்கள் வரிசையாக வந்தன. அதற்குப் பிறகு பேட்டரி விதிகளை அரசு இறுக்கியிருக்கிறது. என் காரில் இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, சூட்டை மற்ற வகைகளைவிடத் தாங்கும். சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு மாமி, “அதெல்லாம் சரிப்பா, என் படுக்கையறை உன் பார்க்கிங்குக்கு நேர் மேலே” என்றார். அவர் சொன்னது என் விலையைப் பற்றியும் இல்லை, அந்தஸ்தைப் பற்றியும் இல்லை. சார்ஜருக்கென்று தனி எம்சிபி (கோளாறு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), தனி மீட்டர், பக்கத்தில் தீயணைப்பான் என்று எல்லாம் மாட்டிய பிறகு அவர்தான் முதலில் சரி என்றார்.

வண்டியை எடுக்கும்போது நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. முடிந்தவரை கண்ணில் படாத மாதிரி இருக்க வேண்டும் என்று வெள்ளை நிறம் கேட்டேன். அந்தக் காருக்கு முன்னால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை விளக்குப் பட்டை. முத்திரையும் எரியும். உள்ளே மூன்று திரை. வண்டியின் ஒலிகளுக்கு இசையமைத்தவர் ஏ.ஆர்.ரஹ்மான். இத்தனைக்கும் மேலே பச்சை நம்பர் பிளேட் வேறு. இப்படி ஒரு வண்டியை வாங்கிவிட்டு யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்தவன் நான்.

உளவியலில் இதற்கு ஒரு பிரபலமான சோதனை உண்டு. அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய குழுவும் செய்தது, 2000-ல் வெளியானது. பாடகர் பேரி மேனிலோவின் முகம் பெரிதாக அச்சிட்ட டி-ஷர்ட்டை ஒரு மாணவனுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். போட்டால் மானம் போகும் என்கிற மாதிரியான டி-ஷர்ட். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், பாதிப் பேர் என்று அவன் நினைத்தான். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். ஆக, உன்னை யாரும் அவ்வளவு பார்ப்பதில்லை, நிம்மதியாக இரு என்பது சாரம்.

கோர்னெலில் சரி. கோவில்பட்டியில் அந்த அறைக்குள் இருந்த அத்தனை பேரும் கவனித்திருப்பார்கள், அறைக்கே வராத இருபது பேர் சட்டை என்ன விலை என்று விசாரித்திருப்பார்கள்.

காரை வைத்து ஊரிடம் பேசுவது எல்லா ஊரிலும் உண்டு என்பதும் தெரியும். அமெரிக்காவில் டொயோட்டா பிரியஸ் என்ற ஹைபிரிட் கார் (பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டுவது) நன்றாக விற்றதற்கு அதன் விசித்திர வடிவமும் ஒரு காரணம் என்று பொருளியலாளர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சூழல் மேல் அக்கறை உள்ளவன் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். சாதாரணக் கார் மாதிரி இருந்த ஹைபிரிட்களுக்கு அந்த மவுசு இல்லை. அதே நாட்டில் சமீபத்தில் டெஸ்லா மின்கார் வைத்திருந்தவர்கள், அதன் தலைவர் எலான் மஸ்க் இப்படிக் கிறுக்குப் பிடித்தவர் ஆவார் என்று தெரியும் முன்பே இதை வாங்கிவிட்டோம் என்கிற மாதிரி ஸ்டிக்கரைப் பின்னால் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். காரைப் பெருமைக்கு வாங்கினார்கள், அப்புறம் அதே காருக்கு மன்னிப்புச் சீட்டு ஒட்டினார்கள். எனக்கு அந்த ஸ்டிக்கர்காரர்களைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. என் 18 லட்சமும் ஒரு ஸ்டிக்கர்தானே.

இந்தக் கூச்சம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் ஒரு திருப்பம்தான் நினைவுக்கு வருகிறது. தெருத் திருப்பம். அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளை. 1989-ல் ஒரு பழைய டிவிஎஸ் 50 வாங்கினார். எனக்கு ஏழு வயது, பின்னால் உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வேன். முதலாளி வீடு இருக்கும் திருப்பம் வந்ததும் எஞ்சினை அணைப்பார். இறங்குவார். என்னையும் இறக்கிவிட்டு, அந்த வீட்டைத் தாண்டும் வரை வண்டியை உருட்டிக்கொண்டே போவார். முதலாளி திண்ணையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உருட்டல் நிற்காது. “ஏன்யா இறங்குறோம்?” என்று ஒரு தடவை கேட்டேன். “பெட்ரோல் மிச்சம்டா” என்றார்.

முதலாளி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்ல மனிதர் என்றுதான் அப்பா இன்றைக்கும் சொல்கிறார். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சிலரைச் சைக்கிளிலிருந்து இறங்கச் சொன்ன, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போகச் சொன்ன தெருக்கள் இருந்தன. அங்கே இறங்காவிட்டால் அடி விழும். அது வேறு விஷயம். சாதி செய்த அந்தக் கொடுமையின் பக்கத்தில் என் கூச்சத்தைக் கொண்டுபோய் வைப்பது நியாயம் ஆகாது. அப்பாவை யாரும் இறங்கச் சொல்லவில்லை. அவராக இறங்கினார். கணக்கெழுதுகிறவன் வண்டியில் போனால் கணக்கில் கை வைத்தான் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தாரோ என்னவோ. என் கார் சத்தமே போடாது. அப்பாவுக்கு அப்போதே இப்படி ஒன்று கிடைத்திருந்தால் உருட்டியிருக்க வேண்டியதே இல்லை.

ஆபீசிலும் ஒரு உருட்டல் நடந்தது. வண்டி வந்த வாரமே என் டீமில் ஒருவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன். பத்து நாள் நான் பழைய பைக்கில்தான் போனேன். அவர் கடைசி நாளன்று என்னோடு பார்க்கிங்வரை நடந்து வந்தார், பைக்கைப் பார்த்தார், “கார் சர்வீசுக்குப் போயிருக்கா?” என்றார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அந்தப் பத்து நாள் மட்டும் தப்பென்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, ஊருக்கு வருகிறேன். அன்றைக்கு அக்கா பேரனுக்குக் காதுகுத்து. சென்னையிலிருந்து கோவில்பட்டி கிட்டத்தட்ட 560 கிலோமீட்டர். ஏசியோடு, நாற்கரச் சாலை வேகத்தில் என் வண்டிக்கு 450 கிடைக்கும். திருச்சி பக்கம் ஒரு நிறுத்தம் போதும் என்று திட்டம். திட்டமிட்ட இடத்தில் சார்ஜர் வேலை செய்யவில்லை. அடுத்ததில் எனக்கு முன்னால் ஒரு வண்டி. ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்து, இன்னொரு ஐம்பது நிமிடம் ஏற்றினோம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஆறு பேர் வந்து பேசினார்கள். ஐந்து பேர் ஒரே வரிசையில் மூன்று கேள்வி கேட்டார்கள். எவ்வளவு தூரம் ஓடும்? ஏத்த எவ்வளவு நேரம்? என்ன விலை? முதல் இரண்டுக்குக் கடகடவென்று பதில் சொல்லிவிட்டு மூன்றாவதுக்கு எச்சில் விழுங்குவேன். லாரி டிரைவர் ஒருவர் மட்டும் விலையைக் கேட்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, “ஏயப்பா, ஏசி போட்டுக்கிட்டே தூங்கலாம்போல” என்றார். தூங்கலாம் என்றேன். அன்றைக்கு நான் சொன்ன பதில்களிலேயே அதுதான் தயக்கமில்லாமல் வந்தது.

வீட்டு வாசலில் அம்மா எலுமிச்சம்பழத்தோடு தயாராக நின்றாள். நான்கு சக்கரத்துக்கும் வைத்து ஏற்றி நசுக்கினோம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்று முனகிக்கொண்டே சூடம் சுற்றினாள். சுற்றி முடித்த கையோடு என்னிடம் கேட்டாள்: “இதை எங்கிட்டு மாட்டுறது?” சார்ஜ் போடத்தான்.

இங்கே அம்மாவின் மீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈ.பி. கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறி, முன்னால் மலிவாகக் கிடைத்த யூனிட்டுக்கும் சேர்த்து விலை கூடிவிடும். அம்மா இதைப் பாடமாக வைத்திருப்பவள். காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் ரீடிங் எழுதி வைப்பாள். 470 ஆகிவிட்டால் வாஷிங் மெஷின் ஓடாது. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால், யார் பெயரும் சொல்லாமல் பொதுவாகத் திட்டுவாள். அப்படிப்பட்டவளிடம் 32 லட்சம் என்று எப்படிச் சொல்வது? அதுதான் 18.

மறுநாள் காதுகுத்து மண்டபத்தில் அது உடைந்தது. எதிர்பார்த்திருக்க வேண்டும், எட்டு மாதம் திட்டமிட்டவன் இதைத் திட்டமிடவில்லை. பந்தியில் அம்மா ஒரு பக்கம், அத்தான் எதிர்ப்பக்கம். யாரோ கேட்டிருக்கிறார்கள். “பதினெட்டுன்னான்” என்று அம்மா. “இல்லியே அத்தை, எங்கிட்ட இருபத்தஞ்சுன்னானே” என்று அத்தான். அத்தானின் தம்பி போனை எடுத்துத் தேடி, எல்லோருக்கும் கேட்கும்படி ஷோரூம் விலையை வாசித்துவிட்டான். நான் அப்போது ரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தேன். பந்தியில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “பெரிய ஆளுதான்டா” என்று ஒருத்தர். “பேட்டரி போனா என்ன செய்வ?” என்று இன்னொருத்தர், முதல் உரிமையாளருக்கு ஆயுள் வாரண்டி என்றேன், யார் ஆயுளுக்கு என்றார். அவ்வளவுதான். எட்டு மாதம் என்னைத் தூங்கவிடாத ஊர், மோர் வருவதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டது.

அம்மா மட்டும் பேசவில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் பேசவில்லை. ராத்திரி காரில் பிளக்கை மாட்டிவிட்டு உள்ளே வந்தபோது அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

“அவுகளுக்கு இருபத்தஞ்சு. எனக்கு ஏன்டா பதினெட்டு?”

நீ வருத்தப்படுவாய் என்றுதான் என்று ஏதோ சொன்னேன்.

“ஊருக்குப் பயந்து ஊருட்டப் பொய் சொல்லு. நான் என்ன, ஊராடா?”

பதில் இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று எத்தனையோ ராத்திரி எண்ணியிருக்கிறேன். அந்த நாலு பேரில் முதல் ஆளாக அம்மாவை உட்கார வைத்திருக்கிறேன் என்பது அந்த அடுப்படியில்தான் எனக்கு உறைத்தது. அத்தானை ஏழு லட்சம் கூடுதலாக நம்பியிருக்கிறேன். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று கழுவின பாத்திரங்களைத் துடைத்தேன். அப்புறம் முழுக் கணக்கையும் சொன்னேன். லோன் எவ்வளவு, வருஷம் எத்தனை, மாதம் எவ்வளவு போகிறது எல்லாம். மாதத் தவணையைக் கேட்டபோது மட்டும் கரண்டியைக் கீழே வைத்தாள். “கட்டிருவியா?” என்றாள். கட்டிவிடுவேன் என்றேன். “அப்பச் சரி.”

காலையில் நான் எழுவதற்குள் மீட்டர் பெட்டி வரை போய் வந்துவிட்டாள். “முப்பத்தெட்டு யூனிட்டு” என்று அறிவித்துவிட்டு காலண்டரில் எழுதினாள். அந்த இரண்டு மாதப் பில்லை நான் கட்டுகிறேன் என்றதற்கு, வித்தியாசத்தை மட்டும் கொடு போதும் என்றாள்.

இத்தனையிலும் அப்பா விலையைக் கேட்கவே இல்லை. வந்த அன்று வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், டயரை மிதித்துப் பார்த்தார், உள்ளே திரைகளைப் பார்த்து “டிவி எதுக்கு இத்தனை?” என்றார். அவ்வளவுதான். கிளம்பும் நாள் காலையில் அவரை முன்சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்றுப் போனேன். பழைய முதலாளி வீட்டுத் திருப்பம் வந்தது. முதலாளி இறந்து வருஷங்கள் ஆயிற்று, திண்ணையை இடித்து ஷட்டர் போட்டிருந்தார்கள், வாசலில் யாரும் இல்லை. ஆனாலும் என் கால் தானாகத் தளர்ந்தது. அந்த வண்டியில் காலை எடுத்தாலே வேகம் இறங்கிவிடும். அப்பா திரும்பிப் பார்த்தார். “ஏன் நிக்கிற? ஆள் ஒண்ணும் குறுக்க வரலையே” என்றார். கண்ணாடியை இறக்கச் சொன்னார். இறக்கினேன். கையை வெளியே வைத்துக்கொண்டார்.

அவரை வீட்டில் இறக்கிவிட்டு, வழிக்குக் கடலைமிட்டாய் வாங்க பஜார் பக்கம் போனேன். அப்பா தினமும் உட்காரும் டீக்கடையில் மாஸ்டர் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, வண்டி நாப்பது லட்சமாமே!”

தூக்கிவாரிப்போட்டது. “யாருண்ணே சொன்னா?”

“வேற யாரு, உங்கய்யாதான். மூணு நாளா இதேதான் சொல்லிக்கிட்டிருக்காரு. உள்ளதுதானா?”

டீயை ஆற்றிக்கொண்டே பதிலுக்குக் காத்திருந்தார். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் பேப்பரைத் தாழ்த்தினார்கள்.

“அய்யா சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்” என்றேன்.